வங்கி அதிபர் கிரிப்டோவைப் புகழ்ந்தால் எந்தக் காகிதத்தைப் பார்ப்பது?

“பிட்காயினைத் திட்டிவந்த ஜேமி டைமனே இறங்கி வந்துவிட்டார், கிரிப்டோ வாங்க இனி என்ன தயக்கம்?” என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டைமன் அமெரிக்காவின் ஜேபி மார்கன் வங்கியின் தலைவர். பிளாக்ராக் என்ற நிதி நிறுவனத்தின் தலைவர் லாரி ஃபிங்க் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் அதைவிட அதிகம். கேட்பவர்களில் பலர் ஓய்வுக்காலப் பணத்தையோ, பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தையோ வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு அக்கறை. ஒரு தலைப்புச் செய்தியை நம்பி ஒரு குடும்பம் தன் சேமிப்பை இடம் மாற்றப்போகிறது என்றால், அந்தத் தலைப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழி அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வங்கித் தணிக்கையில் வேலை பார்த்தவள். தணிக்கையில் மேலாளர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்போம், குறித்தும் கொள்வோம். கையெழுத்துப் போடுவது வவுச்சரைப் பார்த்த பிறகுதான். அதே பழக்கத்தில் இந்தத் தலைவர்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் அவர் சொன்னது, சொன்ன தேதி, சொன்ன இடம். வலப்பக்கத்தில் அதே காலத்தில் அவருடைய நிறுவனம் தாக்கல் செய்தது, விற்றது, சட்டத்தில் நடந்தது. இந்த இரண்டு பக்கத்தையும் எப்படி நிரப்புவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தேவையான ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை.

எந்தச் சரக்கைப் பற்றிப் பேசினார்?

முதல் வேலை இதைத் தனியாக எழுதிக்கொள்வது. தலைப்பில் எல்லாமே ‘கிரிப்டோ’ என்றுதான் வரும். உள்ளே குறைந்தது நான்கு வெவ்வேறு சரக்குகள் இருக்கும். பிட்காயின் போல, பின்னால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காத நாணயம் ஒன்று. அதன் கணக்கேட்டுத் தொழில்நுட்பமான பிளாக்செயின் இன்னொன்று. ஒரு டாலருக்கு ஒரு டாலர் கையிருப்பு வைத்து வெளியிடும் ஸ்டேபிள்காயின் மூன்றாவது. வங்கி டெபாசிட்டையோ நிதியத்தையோ டோக்கனாக, அதாவது பிளாக்செயினில் கைமாறும் டிஜிட்டல் சீட்டாகத் தருவது நான்காவது. ஒருவர் முதலாவதைத் திட்டிக்கொண்டே மற்ற மூன்றையும் விற்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஜேபி மார்கன் தலைவர் டைமனை இப்படிப் பிரித்துப் பார்த்தால் படமே மாறிவிடும். 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் பிட்காயின் ஒரு மோசடி என்றார். பழைய ஹாலந்தில் பூக்கிழங்கு விலை தாறுமாறாக ஏறிச் சரிந்த துலிப் கிழங்குப் பைத்தியத்தைவிட மோசம் என்றார். தன் வங்கியில் அதை வணிகம் செய்யும் ஊழியரை உடனே வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன் என்றார். 2018 ஜனவரியில், மோசடி என்று சொன்னதற்கு வருந்துவதாகவும் பிளாக்செயின் நிஜமானது என்றும் கூறினார். 2019 பிப்ரவரியில் அவருடைய வங்கியே ஜேபிஎம் காயின் என்ற டோக்கனை அறிவித்தது. 2023 டிசம்பரில் செனட் வங்கிக் குழுவின் முன் அமர்ந்து, நான் அரசாக இருந்தால் இதை இழுத்து மூடிவிடுவேன் என்றார். அடுத்த மாதமே, உலகப் பொருளாதார மாநாடு நடக்கும் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் பிட்காயினை ‘செல்லக் கல்’ என்றார். வளர்ப்புப் பிராணி என்று ஒருவர் வெறும் கல்லை வாங்கி வைத்துக்கொள்வது போல, எதற்கும் உதவாதது என்ற பொருளில்.

பிறகு வந்தது 2025 மே மாத முதலீட்டாளர் தினம். ‘டைமன் மனம் மாறினார்’ என்று உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது அன்றுதான். அவர் அன்று சொன்னதன் சாரம் இது: வாடிக்கையாளர்கள் பிட்காயின் வாங்க அனுமதிப்போம், அவர்களுடைய கணக்கு அறிக்கையில் காட்டுவோம், ஆனால் நாங்கள் அதைப் பாதுகாப்பில் வைத்துக்கொள்ள மாட்டோம். அதோடு, யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பது என் கருத்து, ஆனால் புகைபிடிக்கும் உங்கள் உரிமைக்காகப் பேசுவேன், பிட்காயினும் அப்படித்தான் என்றார்.

இப்போது நோட்டில் 2021 அக்டோபர் பக்கத்தைத் திருப்புங்கள். பிட்காயின் மதிப்பற்றது என்பது தன் சொந்தக் கருத்து, ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் வளர்ந்தவர்கள், அவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள், எங்களால் அதைப் பாதுகாப்பில் வைக்க முடியாது என்றாலும் முறையான வழியில் வாங்க உதவுவோம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கிறார். 2025இல் சொன்னதும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதுவே. பிட்காயினைப் பற்றிய அவருடைய கருத்து நகரவே இல்லை. வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுக்கும் வங்கியின் பழைய நிலைப்பாடு கொஞ்சம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆகவே, மேற்கோளின் முழு வாக்கியத்தையும், அதற்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வியையும் தேடிப் பிடியுங்கள். தொலைக்காட்சிப் பேட்டியாக இருந்தால் முழுக் காணொளி கிடைக்கும். காலாண்டு வருவாய்க் கூட்டமாக இருந்தால் எழுத்து வடிவம் அந்த நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தில் இருக்கும். பாதி வாக்கியத்தை நோட்டில் ஏற்றாதீர்கள்.

வாய்க்கு முன்னால் ஓடும் காகிதம்

பெரிய நிறுவனங்களில் தலைவரின் பேச்சு மாறுவதற்கு முன்பே தாக்கல் செய்யும் படிவங்கள் மாறிவிடும். இதற்கு நல்ல உதாரணம் பிளாக்ராக்.

உலகின் மிகப் பெரிய நிதி மேலாண்மை நிறுவனம் அது. அதன் தலைவர் ஃபிங்க், 2017 அக்டோபரில் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க உலகில் எவ்வளவு தேவை இருக்கிறது என்று காட்டும் குறியீட்டெண்தான் பிட்காயின் என்று வர்ணித்தார். 2024 ஜூலையில் தொலைக்காட்சியில், நான் சந்தேகப்பட்டவன், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், என் பழைய கருத்து தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு நேர்மையான மனிதர் மனம் திருந்திய கதை தெரியும். அது உண்மையாகவே இருக்கலாம், ஒருவருடைய மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. வலப்பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். 2021 ஜனவரியில், தன் இரண்டு நிதியங்கள் பிட்காயின் எதிர்கால ஒப்பந்தங்களில் (பின்னொரு நாளில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தங்கள்) முதலிடலாம் என்று பிளாக்ராக் ஆவணம் தாக்கல் செய்தது. 2022 ஆகஸ்டில் கிரிப்டோ பரிவர்த்தனைத் தளமான காயின்பேஸ் நிறுவனத்துடன் கைகோத்து, அமெரிக்க நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமான தனியார் பிட்காயின் டிரஸ்ட் ஒன்றை, அதாவது டிரஸ்ட் வடிவிலான நிதியத்தைத் தொடங்கியது. 2023 ஜூன் 15 அன்று பொதுமக்கள் பங்குச் சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கக்கூடிய இ.டி.எஃப். நிதியத்துக்கு விண்ணப்பித்தது. தங்கத்தை டிஜிட்டலாக்குவது போன்றது பிட்காயின் என்று ஃபிங்க் தொலைக்காட்சியில் பாராட்டியது அதற்குப் பிறகு, ஜூலையில். ‘என் கருத்து தவறு’ என்ற பேட்டி வந்தபோது அந்த நிதியம் விற்பனைக்கு வந்து அரை வருடம் ஆகியிருந்தது.

இப்படிப் படிவங்களைத் தேடுவதற்கு அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யின் எட்கர் தளம் போதும். நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து 10-கே என்ற ஆண்டறிக்கைப் படிவத்தைத் திறங்கள். அதில் ‘ஆபத்துக் காரணிகள்’ என்ற பகுதி இருக்கும். வழக்கறிஞர்கள் சொல் சொல்லாகப் பார்த்து எழுதும் பகுதி அது. சொல்ல வேண்டியதை மறைத்தால் பின்னாளில் வழக்கு வரும் என்ற பயத்தோடு எழுதப்படுவது. அதனாலேயே அதில் நேர்மை அதிகம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாக்கியம் புதிதாக முளைத்திருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜேபி மார்கனின் 2017ஆம் ஆண்டுக்கான 10-கே. டைமன் மோசடி என்று முழங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2018 பிப்ரவரியில் தாக்கலான அந்தப் படிவத்தில், இடைத்தரகர் தேவைப்படாத கிரிப்டோ நாணயம் போன்ற தொழில்நுட்பங்களால் பணப் பட்டுவாடாச் சேவைகள் பாதிக்கப்படலாம் என்று அவருடைய வங்கியே போட்டி பற்றிய பகுதியில் எழுதியிருந்தது. மேடையில் மோசடி, படிவத்தில் போட்டியாளர். இரண்டும் ஆறு மாதத்துக்குள். அந்த வங்கி பிற்காலத்தில் எந்தத் திசையில் போகும் என்பதைப் பேட்டிகளைவிட அந்த ஒரு வாக்கியம்தான் சரியாகக் காட்டியது. டோக்கன் அறிவிப்பு ஒரே வருடத்தில் வந்துவிட்டது.

யாருடைய பணம்?

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் படி இதுதான். ‘கோல்ட்மேன் சாக்ஸ் பிட்காயினில் கோடிக்கணக்கில் முதலீடு’ என்று ஒரு செய்தி வந்தால், பெரும்பாலும் அதற்கு ஆதாரம் 13-எஃப் என்ற படிவம். 10 கோடி டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் தங்கள் கையிருப்பைப் பட்டியலிட வேண்டும். 2024 ஜூன் இறுதியில் பிட்காயின் இ.டி.எஃப்.களில் சுமார் 41.8 கோடி டாலர் வைத்திருப்பதாக கோல்ட்மேன் சாக்ஸ் காட்டியது இந்தப் படிவத்தில்தான்.

இந்தப் படிவத்தைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது காலாண்டின் கடைசி நாள் நிலவரம். நீங்கள் படிக்கும்போது விற்றே முடித்திருக்கலாம். இரண்டாவது, வாடிக்கையாளருக்காக வைத்திருப்பதும், சந்தையில் வாங்க விற்க வசதியாகக் கையில் வைத்திருப்பதும், சொந்தப் பணமும் இதில் கலந்தே வரும்.

மூன்றாவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிகப் பெரிய எண்கள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. இந்தப் படிவத்தில் வாங்கி வைத்திருப்பது மட்டும் வரும். எதிர்கால ஒப்பந்தத்தில் விற்றிருப்பது வராது. ஒரு நிதியம் பிட்காயின் இ.டி.எஃப்.ஐ வாங்குகிறது, அதே அளவுக்குச் சிகாகோ சந்தையில் பிட்காயின் எதிர்கால ஒப்பந்தத்தை விற்கிறது. எதிர்கால விலை இன்றைய விலையைவிடச் சற்று அதிகமாக இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் அந்த வித்தியாசம் லாபமாகக் கையில் நிற்கும். பிட்காயின் இரட்டிப்பானாலும் பாதியானாலும் அந்த நிதியத்துக்குக் கவலை இல்லை. அதற்குக் கிடைப்பது ஒரு வகை வட்டி. 13-எஃப் படிவத்தில் இந்தப் பரிவர்த்தனையின் ஒரு கால் மட்டுமே தெரியும். அதைப் பார்த்து, ‘பெரிய நிதியம் பிட்காயினை நம்புகிறது’ என்று செய்தி எழுதுகிறார்கள். அந்த நிதியம் எதையும் நம்பவில்லை, விலை வித்தியாசத்தை எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, கட்டணத்தைப் பாருங்கள். பிளாக்ராக்கின் பிட்காயின் இ.டி.எஃப்.க்கு ஆண்டுக் கட்டணம் 0.25 சதவீதம். அதே நிறுவனத்தின் எஸ்&பி 500 குறியீட்டு இ.டி.எஃப்.க்கு 0.03 சதவீதம். ஒரே அளவு பணத்துக்கு எட்டு மடங்குக்கு மேல் வருமானம். 2024 ஜனவரியில் தொடங்கிய அந்த நிதியம் வருட முடிவுக்குள் 5,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் 0.25 சதவீதம் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டரைக் கோடி டாலர். பிட்காயின் விலை இறங்கினால் இந்தக் கட்டணம் சுருங்கும், ஆனால் நஷ்டமாக மாறாது. இறங்கும் விலையின் நஷ்டம் யூனிட் வைத்திருப்பவருக்கு. இதில் சட்டவிரோதமோ ஒழுங்கீனமோ எதுவும் இல்லை, எல்லா நிதியமும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி நல்லதாகப் பேசுபவர் அதன் விலைக்குப் பங்காளியா, விற்பனைக்குப் பங்காளியா என்பது நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண்மணி ஒரு முறை கேட்டார்: “அவ்வளவு பெரிய வங்கி தன் பெயரைப் போட்டு விற்கிறதே, அப்படியானால் அது சோதித்துப் பார்த்துத்தானே இருக்கும்?” நியாயமான கேள்வி. சோதித்துத்தான் இருப்பார்கள். சாவி பத்திரமாக இருக்கிறதா, கணக்கு சரியாக வருகிறதா, சட்டம் அனுமதிக்கிறதா என்றெல்லாம் சோதித்திருப்பார்கள். வாங்கியவருக்கு லாபம் வருமா என்பது அந்தச் சோதனைப் பட்டியலில் இருக்காது. 2024 ஜனவரி 10 அன்று எஸ்.இ.சி. இந்த இ.டி.எஃப்.களுக்கு அனுமதி கொடுத்தபோது, அதன் அன்றைய தலைவர் கேரி கென்ஸ்லர் அந்த அறிக்கையிலேயே, நாங்கள் பிட்காயினை ஆதரிக்கவோ அங்கீகரிக்கவோ இல்லை, அது ஊக வணிகத்துக்குரிய, நிலையற்ற சொத்து என்று எழுதினார். அனுமதிச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த வரி வரை போனார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சட்டத்தின் தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள்

ஒரு வங்கித் தலைவர் பேச்சை மாற்றும்போது, அதற்கு முந்தைய சில மாதங்களில் எந்த விதி மாறியது என்று தேடுங்கள். அநேகமாக ஒன்று அகப்படும்.

தணிக்கைக்காரி என்பதால் எனக்கு மிகவும் பரிச்சயமானது எஸ்.ஏ.பி. 121. எஸ்.இ.சி.யின் கணக்கியல் பிரிவு 2022 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டல் அது. வழக்கமாக ஒரு வங்கி உங்கள் பங்குகளைப் பாதுகாப்பில் வைத்திருந்தால், அவை உங்களுடையவை, வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் வராது. கிரிப்டோவுக்கு மட்டும் இந்த வழிகாட்டல் வேறு மாதிரி சொன்னது. வாடிக்கையாளரின் பிட்காயினைப் பாதுகாப்பில் வைத்தால், அதன் சந்தை மதிப்பு முழுவதையும் வங்கி தன் பொறுப்பாகவும், எதிரே சொத்தாகவும் காட்ட வேண்டும். வங்கியைப் பொறுத்தவரை இருப்புநிலைக் குறிப்பு பெருத்தால் அதற்கேற்ற மூலதனமும் வைக்க வேண்டும். கிடைக்கும் பாதுகாப்புக் கட்டணத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பெரிய வங்கிகள் ஒதுங்கி நின்றன. 2024 மேயில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை நீக்க வாக்களித்தன. அதிபர் பைடன் ரத்து அதிகாரத்தால் தடுத்தார். 2025 ஜனவரி 23 அன்று எஸ்.இ.சி.யே அதைத் திரும்பப் பெற்றது.

அதே ஜனவரியில் டாவோஸில் என்ன பேச்சு நடந்தது என்று பாருங்கள். பேங்க் ஆஃப் அமெரிக்கா தலைவர் பிரையன் மொய்னிஹன், விதிகள் தெளிவாக வந்தால் பணப் பரிமாற்றத் துறையில் வங்கிகள் முழு வேகத்தில் இறங்கும் என்றார். கோல்ட்மேன் சாக்ஸ் தலைவர் டேவிட் சாலமன், இன்றைய விதிகளின்படி எங்களால் பிட்காயினைச் சொந்தமாக வைத்திருக்கவே முடியாது என்றார். இருவரும் தங்கள் மனதைப் பற்றிப் பேசவில்லை, கதவு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதைத்தான் சொன்னார்கள். இத்தகைய பேச்சை ‘நம்பிக்கை’ என்ற தலைப்பில் பதியாதீர்கள், ‘அனுமதி’ என்ற தலைப்பில் பதியுங்கள்.

எதிர்த்திசையில் நிற்கும் விதியையும் எழுதிக்கொள்ளுங்கள். வங்கிகளுக்கான உலகளாவிய பாசல் குழு 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட தரத்தின்படி, பிட்காயின் போன்ற சொத்துக்கு இடர் எடை, அதாவது ஆபத்துக்கேற்ப அதன் மதிப்பைப் பெருக்கிக் கணக்கிடும் விகிதம், 1,250 சதவீதம். குறைந்தபட்ச மூலதனம் 8 சதவீதம் என்று பெருக்கிப் பார்த்தால் சரியாக நூறு வரும். அதாவது வங்கி ஒரு டாலருக்கு பிட்காயின் வாங்கினால், முழு ஒரு டாலரை மூலதனமாக ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சேர்த்தால்தான் இது அங்கே செல்லும். ஆனாலும் வங்கிகள் பிட்காயினை விற்றுத் தர ஆர்வமாகவும், தாமே வாங்கி வைக்கத் தயக்கமாகவும் இருப்பதன் காரணம் இந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

பேச்சு ஸ்டேபிள்காயின் பக்கம் திரும்பினால்

2025 கோடைக்குப் பிறகு வங்கித் தலைவர்களின் பேச்சில் பிட்காயினைவிட ஸ்டேபிள்காயின்தான் அதிகம். அந்த ஜூலை 18 அன்று ஜீனியஸ் சட்டம் கையெழுத்தானது. வெளியிடும் ஒவ்வொரு நாணயத்துக்கும் ரொக்கம், குறுகியகால அமெரிக்க அரசுப் பத்திரம் போன்றவற்றில் முழுக் கையிருப்பு வேண்டும் என்றும், வெளியிடும் நிறுவனம் நாணயம் வைத்திருப்பவருக்கு வட்டி தரக் கூடாது என்றும் அது சொல்கிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: கையிருப்பில் வரும் வட்டி யாருக்குப் போகிறது? உங்கள் டாலரை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள், அந்த டாலரில் அரசுப் பத்திரம் வாங்குகிறார்கள், வட்டி அவர்களுக்கு. மிகப் பெரிய ஸ்டேபிள்காயின் நிறுவனமான டெதர், 2024இல் 1,300 கோடி டாலருக்கு மேல் லாபம் என்று அறிவித்தது. வங்கித் தலைவர்கள் இதைப் பார்த்தார்கள். கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள்: மக்கள் பணத்தை டெபாசிட்டிலிருந்து எடுத்து ஸ்டேபிள்காயினுக்கு மாற்றிவிட்டால் வங்கியின் மலிவான நிதி ஆதாரம் வற்றிவிடும். பரிவர்த்தனைத் தளங்கள் ‘வெகுமதி’ என்ற பெயரில் மறைமுகமாக வட்டி தருவதைத் தடுக்கச் சொல்லி அமெரிக்க வங்கிச் சங்கங்கள் அரசை நெருக்கியபோது, 6.6 லட்சம் கோடி டாலர் டெபாசிட் வெளியேறக்கூடும் என்ற மதிப்பீட்டை எடுத்துக் காட்டின.

ஆகவே, ‘நாங்களும் ஸ்டேபிள்காயினில் இறங்குகிறோம்’ என்று ஒரு வங்கி சொன்னால், அதில் பாதி ஆசை, பாதி தற்காப்பு. டைமனே 2025 ஜூலையில், பணம் அனுப்பும் சாதாரண வழிகள் இருக்கும்போது இது எதற்கு என்று தனக்குப் புரியவில்லை என்றும், ஆனாலும் கற்றுக்கொள்வதற்காக அதில் ஈடுபடுவோம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய வங்கி நிறுவன வாடிக்கையாளர்களுக்கென அறிவித்தது டெபாசிட் டோக்கன். அதாவது, பணம் வங்கியின் டெபாசிட்டாகவே இருந்துகொண்டு பிளாக்செயினில் நகரும். எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பது அந்த வடிவமைப்பிலேயே தெரிகிறது.

சதவீதத்தைத் தேடுங்கள்

2025 ஜனவரியில் டாவோஸில் ஃபிங்க் சொன்ன 7 லட்சம் டாலர் விலை உலகெங்கும் ஓடியது. முழுப் பேச்சு இது: 2 சதவீதமா 5 சதவீதமா என்று ஒரு நாட்டின் முதலீட்டு நிதியத்துடன் பேசிக்கொண்டிருந்தேன், எல்லோரும் அப்படி ஒதுக்கத் தொடங்கினால் விலை 5, 6, 7 லட்சம் டாலர் வரை போகலாம். இதை நான் விளம்பரம் செய்யவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ‘எல்லோரும் ஒதுக்கினால்’ என்பது பெரிய நிபந்தனை. தலைப்பில் அது விழுந்துவிட்டது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே பிளாக்ராக்கின் ஆய்வுப் பிரிவு, பிட்காயினில் ஆர்வமுள்ள முதலீட்டாளர் மொத்த முதலீட்டில் 2 சதவீதம் வரை வைப்பது நியாயமானது, அதற்கு மேல் போனால் மொத்த ஆபத்தில் பிட்காயினின் பங்கு கடுமையாக ஏறும் என்று எழுதியிருந்தது. மார்கன் ஸ்டான்லி 2025 அக்டோபரில் அதிக ஆபத்தை ஏற்பவருக்கும் அதிகபட்சம் 4 சதவீதம் என்றது. பேங்க் ஆஃப் அமெரிக்கா டிசம்பரில் 1 முதல் 4 சதவீதம் என்றது. தலைவர்களின் மாற்றத்தை அளக்க எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அளவுகோல் இந்தச் சிறிய எண்கள்தான். பூஜ்யத்திலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள். அது உண்மையான மாற்றம், அலட்சியப்படுத்தக் கூடாது. அதே சமயம் அவர்கள் நிற்கும் இடமும் இதுதான்.

இந்த எண்ணை உங்கள் பணத்தில் போட்டுப் பாருங்கள். 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டியிருந்த பிட்காயின், எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் சரிந்த அடுத்த நவம்பரில் 16,000க்குக் கீழே போனது. முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. 2 சதவீதம் வைத்திருந்தவர் மொத்தச் சேமிப்பில் ஒன்றரை சதவீதம் இழந்திருப்பார். 40 சதவீதம் வைத்திருந்தவர் முப்பது சதவீதத்தை. ‘வங்கி அதிபரே வாங்கச் சொல்கிறார்’ என்று சொல்லிக்கொண்டு சேமிப்பில் பாதியை மாற்றுபவர், அந்த அதிபரின் வங்கி எழுத்தில் கொடுத்த ஆலோசனையைப் பின்பற்றவில்லை.

மாறாதவர்களுக்கும் ஒரு பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வாரன் பஃபெட் 2022இல், உலகத்து பிட்காயின் முழுவதையும் 25 டாலருக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்றார். விளைநிலம் விளைச்சல் தரும், வீடு வாடகை தரும், இது எதுவும் தராது என்பது அவருடைய காரணம். அந்தக் காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாறியவர்கள் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்க அது உதவும்.

அமெரிக்க நிதி மேலாண்மை நிறுவனமான வேன்கார்ட் இன்னும் சுவாரசியமானது. 2024 ஜனவரியில் தன் தளத்தில் பிட்காயின் இ.டி.எஃப்.களை விற்கவே மறுத்த நிறுவனம். அந்த ஜூலையில் பிளாக்ராக்கிலிருந்து வந்த சலீம் ராம்ஜி தலைவரானார். 2025 டிசம்பரில் மற்ற நிறுவனங்களின் கிரிப்டோ நிதியங்களைத் தன் தளத்தில் வாங்க அனுமதித்தது. இதற்கிடையே, பெரும் பிட்காயின் கையிருப்பு வைத்திருக்கும் ஸ்ட்ராடஜி நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒன்றாகவும் வேன்கார்ட் இருந்தது. அதன் குறியீட்டு நிதியங்கள், பட்டியலில் உள்ள பங்கு என்பதால் தானாகவே வாங்கியவை அவை. ஆகவே மறுத்துக்கொண்டிருந்த நாளிலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை நம்பிக்கை என்றும் சொல்ல முடியாது, கபடம் என்றும் சொல்ல முடியாது.

எப்போது திறந்து பார்ப்பது

தினமும் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. ஆண்டறிக்கையான 10-கே பெரிய வங்கிகளிடமிருந்து பிப்ரவரியில் வரும். ஃபிங்க் முதலீட்டாளர்களுக்கு எழுதும் கடிதம் வசந்தகாலத்தில் வரும். டைமனின் பங்குதாரர் கடிதம் ஏப்ரலில். 13-எஃப் படிவங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் நடுவில் குவியும். கடிதத்தைப் படிக்கும்போது கிரிப்டோ வரும் பத்தியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், அதற்கு முன்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். 2025ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஃபிங்க், எந்தப் பங்கையும் கடன்பத்திரத்தையும் நிதியத்தையும் டோக்கனாக்கலாம் என்று எழுதினார். அதே கடிதத்தில், அமெரிக்கா தன் கடனைக் கட்டுப்படுத்தாவிட்டால் டாலர் தன் இடத்தை பிட்காயினிடம் இழக்க நேரிடலாம் என்றும் எச்சரித்தார். முதலாவதை மட்டும் படித்தவரும் இரண்டாவதை மட்டும் படித்தவரும் இரண்டு வெவ்வேறு ஃபிங்குகளை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

ஜனவரியில் டாவோஸ் வரும். ஒரே வாரத்தில் பேட்டிகள் மழையாகப் பொழியும், தொலைபேசியில் உங்களை அழைத்துக் கேட்பவர்களும் அதிகமாவார்கள். சொன்னதையெல்லாம் தேதியோடு இடப்பக்கத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, பிப்ரவரிப் படிவங்கள் வரும்வரை பணத்தை நகர்த்தாமல் இருங்கள்.